பேரிங்கும் கிரீஸ் சீலும்

பழைய கேம்பர் டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். தரைப்பலகையை மிதித்துப் பார்ப்பார்கள், கான்வாஸை மோந்து பார்ப்பார்கள், அடுப்பைப் பற்றவைத்துப் பார்ப்பார்கள். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இவற்றில் எது கெட்டிருந்தாலும் ஒரு விடுமுறை வீணாகும், அவ்வளவுதான். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் கெட்டிருந்தால், நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே சக்கரம் கழன்று பக்கத்துத் தடத்துக்கு ஓடிவிடக்கூடும். அதைத் திறந்து பார்த்து வாங்குபவர்கள் மிகக் குறைவு. ‘போன வருஷம்தான் கிரீஸ் போட்டேன்’ என்று விற்பவர் சொல்வார். வாங்குபவர் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணுவார்.

அந்தப் பேச்சை வைத்து வண்டியை எடுக்க வேண்டாம். விற்பவர் பொய்யர் என்று சொல்லவில்லை. அவர் கிரீஸ் போட்டதாகச் சொல்வது, கிரீஸ் கன்னை வைத்து நாலு அமுக்கு அமுக்கியதாக இருக்கலாம். உள்ளே எட்டிப் பார்த்திருக்கவே மாட்டார். பழைய டிரெய்லர் கைக்கு வந்தால், முதல் நெடும்பயணத்துக்கு முன்னால் எல்லா ஹப்பையும் கழற்றிப் பார்த்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை அச்சு டிரெய்லருக்கு ஒரு சனிக்கிழமை போதும். ஒன்ராறியோ மாதிரி நீண்ட குளிர்காலமும் சாலை உப்பும் உள்ள ஊர்களில் ஓடும் மடக்கு டிரெய்லர்களையும் சிறிய பெட்டி டிரெய்லர்களையும் மனதில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது

அச்சின் இரு முனைகளிலும் ஹப் உட்காரும் தண்டுக்கு ஸ்பிண்டில் என்று பெயர். ஹப்புக்குள் இரண்டு பேரிங்குகள்: டிரெய்லரின் வயிற்றுப் பக்கம் உள் பேரிங், வெளியே பார்த்த பக்கம் வெளி பேரிங். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. ஹப்புக்குள் இறுக்கமாக அடித்து உட்கார்த்திய வளையம் ரேஸ். உருளைகள், அவற்றைப் பிடித்திருக்கும் கூண்டு, நடுவளையம் மூன்றும் சேர்ந்து கையோடு வருவது கோன். உருளைகள் சாய்வாக அமைந்திருப்பதால் மேலிருந்து இறங்கும் எடையையும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் சேர்த்தே தாங்கும். செயிண்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கென் 1898இல் இந்த டேப்பர் ரோலர் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டிக்காகப் பிறந்த அமைப்பு இன்றும் டிரெய்லர் அச்சுகளில் பெரிய மாற்றமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

உள் பேரிங்குக்குப் பின்னால் ஒரு சீல். இரும்பு வளையத்துக்குள் ரப்பர் விளிம்பு. அந்த விளிம்பு ஸ்பிண்டிலை உரசியபடியே சுழலும். முன்பக்கம் தகரத்தொப்பி ஒன்று மூடியிருக்கும். கிரீஸை உள்ளேயும் தண்ணீரை வெளியேயும் நிறுத்துவதற்கு இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது. தொப்பி அசையாத பொருள், அதனால் பெரிதாகக் கெடாது. சீல்தான் ஓயாமல் உரசித் தேய்வது. இருப்பதிலேயே மலிவான பாகமும் அதுதான்.

சக்கரம் சிறிதாக இருக்க இருக்க பேரிங்குக்கு வேலை அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். 13 அங்குல டிரெய்லர் சக்கரம் மணிக்கு 100 கிலோமீட்டர் ஓட்டத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 சுற்று சுற்றும். பழைய மடக்கு டிரெய்லர்கள் சிலவற்றில் வரும் 8 அங்குலக் குட்டிச் சக்கரம் 1,200ஐத் தாண்டும். முன்னால் இழுக்கும் கார் சாவகாசமாகப் போவதாகத் தோன்றும்போது பின்னால் இதுதான் நடக்கிறது.

இலையுதிர் காலத்தில் திறங்கள்

அச்சு செய்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கெடு 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. கோடையில் நாலைந்து வாரக்கடைசிகள் மட்டும் கிளம்பும் குடும்பம் ஆண்டுக்கு 12,000 மைல் ஓடப்போவதில்லை. ஆகவே நாட்காட்டிதான் கணக்கு. ‘இந்த வருஷம் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே’ என்று தள்ளிப்போடுகிறவர்களின் பேரிங்தான் பெரும்பாலும் சீக்கிரம் போகிறது. ஓடாமல் நிற்பதே அதற்குக் கேடு. மழையில் ஓடிச் சூடான ஹப் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நின்ற இடத்தில் அந்த ஈரம் உருளைக்கும் ரேஸுக்கும் இடையில் தங்கி, தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டிலேயே எஃகை அரிக்கும். ஆறு மாதம் அசையாமல் நிற்கும் டிரெய்லருக்கு இது போதும்.

அதனால்தான் இந்த வேலையை வசந்த காலத்தில் செய்யாதீர்கள் என்கிறேன். பலரும் மே மாத நீண்ட வாரக்கடைசிக்கு முன்தினம் ஜாக்கியை எடுக்கிறார்கள். அதற்குள் நவம்பரில் புகுந்த தண்ணீர் தன் வேலையை முடித்திருக்கும். அக்டோபரில், கடைசிப் பயணம் முடிந்த கையோடு திறந்து, துடைத்து, புது கிரீஸும் புது சீலும் போட்டு நிறுத்துங்கள். அப்போது பாகம் கிடைக்க ஒரு வாரம் தாமதமானாலும் யாருடைய விடுமுறையும் கெடாது.

கழற்றுவதற்கு முன்னும் கழற்றும்போதும்

சமதரையில் நிறுத்தி, கழற்றாத பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். ஜாக்கியை அச்சுக் குழாய்க்கு அடியில் வைக்கக் கூடாது. அது உள்ளீடற்ற குழாய். வளைந்தால் கண்ணுக்குத் தெரியாது, டயர் ஒருபக்கமாகத் தேயும்போதுதான் தெரியும். அச்சுக்குப் பக்கத்தில் சட்டத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, அங்கேயே ஸ்டாண்டும் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்க வேண்டாம்.

சக்கரம் தொங்கும்போது இரண்டு சோதனை. ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையை வில் பட்டையின் மேல் வையுங்கள். நல்ல பேரிங் கையில் எதையும் சொல்லாது. கெட்டது உறுமும், காதுக்குக் கேட்கும் முன்பே விரலுக்குத் தெரியும். பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நூலளவு ‘டிக்’ என்ற ஆட்டம் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் தேய்ந்திருக்கிறது அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. கொஞ்சம்கூட ஆட்டமே இல்லையென்றால் யாரோ இறுக்கித் தள்ளியிருக்கிறார்கள், அதுவும் நல்லதல்ல.

சக்கரத்தை எடுத்ததும் தொப்பியின் விளிம்பைச் சுற்றி அகலத் திருப்புளியால் மெல்ல நெம்புங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் கோணிவிடும். ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி எடுத்து எறியுங்கள், அதைத் திரும்பப் போடுவது கஞ்சத்தனத்திலும் சேராது. நட்டையும் வாஷரையும் எடுத்துவிட்டு ஹப்பை லேசாக முன்னே இழுத்தால் வெளி பேரிங் கையில் விழும். டிரம் வர மறுத்தால் தேய்ந்த டிரம்மின் விளிம்பில் பிரேக் கட்டை மாட்டியிருக்கும். பின்தட்டின் துளை வழியாக நட்சத்திரப் பல்லைத் திருப்பி பிரேக்கைத் தளர்த்துங்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள்.

பிரேக் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. கனடா ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது 2018 டிசம்பரில்தான். பழைய பிரேக் கட்டைகளில் அது இருந்திருக்கலாம் என்று எண்ணியே கை வையுங்கள். காற்றடித்து ஊதக் கூடாது, உலர்ந்த துணியால் தட்டக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டுங்கள்.

சீலை சீல் நெம்பியால் எடுங்கள். நட்டைத் திரும்ப மாட்டி, ஹப்பை வெடுக்கென்று இழுத்து, உள் பேரிங்கையும் சீலையும் ஒரே அடியில் பிடுங்கும் வித்தை ஒன்றைப் பலர் காட்டுவார்கள். நேரம் மிச்சமாகும்தான், ஆனால் அந்த அடியை வாங்குவது பேரிங் கூண்டு. அந்த பேரிங்கைத் திரும்பப் போடும் எண்ணம் இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

பழைய பேரிங்கைப் படிப்பது

அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டுவிடுகிறார்கள். கழுவும் முன் கிரீஸைப் பாருங்கள். எந்த நிறத்தில் போட்டாலும் நல்ல கிரீஸ் கொஞ்சம் கறுத்து, வழவழப்பாக இருக்கும். வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீலைப் பாருங்கள். கருகி இறுகியிருந்தால் சூடு ஏறியிருக்கிறது. இறுக்கமான நட்டோ உரசும் பிரேக்கோ காரணம். விரல்களுக்கிடையில் தேய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மினுமினுக்கும் துகள் தெரிந்தால் எஃகு தேய்ந்து கிரீஸில் கலந்திருக்கிறது, அந்த பேரிங்கைக் கழுவிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

கழுவும்போது நாலு பேரிங்கையும் கலந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கோனும் தன் ரேஸோடு ஓடி ஓடிப் பழகியது. இடது உள், இடது வெளி என்று தனித்தனி டப்பாவில் எழுதி வையுங்கள். மண்ணெண்ணெய் அல்லது மினரல் ஸ்பிரிட் போதும். பெட்ரோல் வேண்டாம். காற்றடித்து உலர்த்தலாம், ஆனால் காற்றால் பேரிங்கைச் சுழலவிட்டு விசில் ஊதவைப்பது உயிரோடு விளையாடுவது. கிரீஸ் இல்லாத உருளைகள் அந்த வேகத்தில் கூண்டைப் பிய்த்துக்கொண்டு தெறிக்கும். நடுவளையத்தை விரலால் பிடித்தபடியே காற்றைக் காட்டுங்கள்.

இப்போது வெளிச்சத்துக்குப் போங்கள். கண் மங்கியவர்கள் பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளலாம், வெட்கமில்லை. உருளைகளிலும் ரேஸிலும் வெளிறிய பழுப்புக் கறை இருந்தால் அது பழைய கிரீஸ் விட்டுப்போன பூச்சு, பயமில்லை. நீலமோ ஊதாவோ ஓடியிருந்தால் எஃகு வெந்து கடினத்தன்மை போய்விட்டது. அதைத் தேய்த்து மீட்க முடியாது, குப்பைக்கு. ரேஸில் உருளைகளின் இடைவெளிக்குச் சரியாக வரிவரியாகச் சாம்பல் கோடுகள் இருந்தால், குளிர்காலம் முழுக்க ஈரத்தோடு நின்றிருக்கிறது. நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் மாற்றுங்கள். தட்டாமல் வெறும் நிழலாக இருந்தால் இன்னொரு பருவம் ஓடும், ஆனால் அடுத்த அக்டோபரில் முதலில் அதைத் திறங்கள். செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தாலோ சிறு குழிகள் இருந்தாலோ விவாதமே இல்லை. கூண்டு நசுங்கியிருந்தாலும், கவிழ்த்து ஆட்டும்போது உருளைகள் கடகடவென்று ஆடினாலும் அப்படியே.

ஸ்பிண்டிலையும் துடைத்துப் பாருங்கள். கோன் உட்காரும் இடத்தில் மங்கலான தேய்மானம் இருப்பது இயல்பு; கோன் அங்கே இறுக்கமாக உட்காருவதில்லை, மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆழமான கீறலும் நீலமும் இருந்தால் விஷயம் பேரிங்கைத் தாண்டிவிட்டது, அச்சு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால் கோனையும் ரேஸையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய ரேஸில் புதுக் கோனைப் போட்டால் பழைய குழிகள் புது உருளைகளில் அச்சாகும். கோனின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். வட அமெரிக்கச் சிறு டிரெய்லர்களில் அடிக்கடி வருவது எல்44649. இதன் உள்விட்டம் 26.99 மில்லிமீட்டர், அதாவது 1.0625 அங்குலம். 3,500 ராத்தல் அச்சில் வெளியே இதுவும், உள்ளே 35 மில்லிமீட்டரை ஒட்டிய எல்68149உம் இருப்பது வழக்கம். 25.4 மில்லிமீட்டர் ஸ்பிண்டிலுக்கு எல்44643. இங்கே ஒரு பொறி இருக்கிறது: எல்44643, எல்44649 இரண்டுக்கும் ரேஸ் ஒன்றே, எல்44610. ஹப்பில் பொருந்துகிறதே என்று மாற்றி வாங்கிவந்தால் ஸ்பிண்டிலில் ஒன்று ஏறவே ஏறாது, மற்றது லொடலொடக்கும். கடைக்குப் போகும்போது பழைய கோனையும் ஸ்பிண்டிலின் வெர்னியர் அளவையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பெயரில்லாத பெட்டியில் வரும் பாதி விலைப் பேரிங்கை நான் வாங்குவதில்லை. மிச்சமாகும் தொகை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது.

ரேஸை வெளியே தட்ட ஹப்புக்குள் எதிரெதிரே இரண்டு வெட்டுகள் இருக்கும். பித்தளைக் கம்பியை அங்கே வைத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகத் தட்டுங்கள். புது ரேஸை இரவே உறைபெட்டியில் வைத்துவிட்டால் மறுநாள் பாதிச் சண்டை மிச்சம். கூம்பின் அகன்ற வாய் வெளியே பார்க்க வேண்டும். பழைய ரேஸைக் கவிழ்த்து மேலே வைத்து அடியுங்கள். அடியின் ஓசை காலியான ஒலியிலிருந்து கட்டையான ஒலிக்கு மாறும்போது அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள்.

கிரீஸ்

டிஸ்க் பிரேக் பேரிங்குக்கும் ஏற்ற, லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை, என்எல்ஜிஐ 2 பதம், டப்பாவில் ஜிசி-எல்பி என்ற குறி. இது இருந்தால் போதும், மீதி விளம்பரம். சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் சாயம்தான். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள். ஆனால் வகைகளைக் கலக்கக் கூடாது. லித்தியம் கிரீஸும் பாலியூரியா கிரீஸும், அல்லது களிமண் சார்ந்த கிரீஸும் சேர்ந்தால் பதம் கெட்டு எண்ணெய் பிரிந்து ஓடக்கூடும். பழையது எது என்று தெரியாதபோது ஒரே வழி, சுத்தமாகக் கழுவிவிட்டுப் புதிதாகப் போடுவது.

போடும் முறை எளிது. உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸ். கோனின் அகன்ற பக்கத்தை அதன் விளிம்பில் வைத்து, சட்டியில் ஒட்டிய மாவை வழிப்பது போல அழுத்தி இழுங்கள். உருளைகளுக்கிடையில் நுழைந்து குறுகிய பக்கம் புழுப்புழுவாக வெளிவரும்வரை ஒரே இடத்தில் அழுத்திவிட்டு, கோனைக் கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். வெளியே தடவிவிட்டு முடிந்தது என்று வைப்பது கிரீஸ் போடாததற்குச் சமம். ரேஸின் மேல் ஒரு பூச்சு, ஸ்பிண்டிலில் துரு பிடிக்காதிருக்க மெல்லிய பூச்சு. கையால் போடும் ஹப்பில் இரண்டு பேரிங்குக்கும் நடுவிலிருக்கும் வெற்றிடத்தை முழுக்க அடைக்க வேண்டாம். சூட்டில் விரியும் கிரீஸுக்கு இடம் வேண்டும், இல்லையென்றால் அது தேடிப்போகும் வழி சீல்தான்.

சீல்

கழற்றிய சீலைத் திரும்பப் போடாதீர்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் கழற்றும்போது அதன் இரும்பு வளையம் கோணியிருக்கும், ரப்பர் பழைய தடத்திலேயே படிந்து இறுகியிருக்கும். சில டாலர் கொடுத்து வாங்கும் பொருளில் சிக்கனம் பார்த்தால், அந்தச் செலவு பிரேக்கில் வந்து நிற்கும். கசியும் கிரீஸ் நேராகப் பிரேக் கட்டைகளில்தான் விழும். கிரீஸ் ஊறிய கட்டையைக் கழுவித் துடைத்துப் போட்டாலும், சூடேறும்போது உள்ளே ஊறியது வெளியே கசிந்து மறுபடி வழுக்கும். மாற்றத்தான் வேண்டும், மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பிரேக் ஒருபக்கமாக இழுக்கும். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குப் பிரேக் சட்டப்படி கட்டாயம். அது இருப்பது மட்டும் போதாது, பிடிக்கவும் வேண்டும்.

வாங்கும்போது இரட்டை விளிம்பும் உள்ளே சுருள்வில்லும் உள்ள வகையைக் கேளுங்கள். ஒரு விளிம்பு கிரீஸை நிறுத்தும், மற்றது தூசியையும் தண்ணீரையும் தடுக்கும். அளவு பழைய சீலின் இரும்பில் பொறித்திருக்கும். வழக்கமான 3,500 ராத்தல் அச்சில் உள்விட்டம் 1.719 அங்குலம், வெளிவிட்டம் 2.565 அங்குலம் இருக்கும். இருந்தாலும் உங்கள் ஸ்பிண்டிலையும் ஹப்பையும் அளந்தே வாங்குங்கள், பழைய டிரெய்லரில் முன்பிருந்தவர் என்ன மாற்றினார் என்று யார் கண்டது.

புது சீல் போடும் முன், அது உரசும் ஸ்பிண்டில் தோளைப் பாருங்கள். பல பேர் ஆண்டுதோறும் புது சீல் போட்டும் கசிவு நிற்கவில்லை என்று சலித்துக்கொள்வது இதைப் பார்க்காததால்தான். துரு இருந்தால் மெல்லிய எமரி தாளால் வட்டமாகத் தேய்த்து மெருகேற்றுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் கிரீஸ் வெளியேறும் வாய்க்காலாகிவிடும். பழைய ரப்பர் உரசி உரசிப் பள்ளமே விழுந்திருந்தால், அதன் மேல் ஏற்றும் மெல்லிய எஃகு உறை கிடைக்கிறது. எஸ்கேஎஃப் நிறுவனத்தின் ஸ்பீடி ஸ்லீவ் இவ்வகை.

உள் பேரிங்கை ஹப்பில் வைத்த பிறகே சீல். மறந்து சீலை முதலில் அடித்தால் புதுசையே பிடுங்க வேண்டிவரும். சுருள்வில் தெரியும் பக்கம் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ரப்பர் விளிம்பில் கிரீஸ் தடவுங்கள், உலர்ந்த ரப்பர் முதல் கிலோமீட்டரிலேயே கருகும். சீலின் மேல் சமமான மரக்கட்டையை வைத்து, நடுவில் தட்டி ஹப்பின் விளிம்போடு சமமாக இறக்குங்கள். சுத்தியலை நேரடியாகச் சீலில் காட்டாதீர்கள்.

நட்டை இறுக்குவது

எத்தனை நன்றாகக் கழுவிப் பூசினாலும் கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கெடுக்க முடியும். இறுக்கினால் பத்திரம் என்று பழகிய கை இந்த நட்டைக் கண்டதும் முழு பலத்தையும் காட்டும். இன்றைய கார்களின் ஹப்பில் அச்சு நட்டைப் பெரும் இறுக்கத்தில் முறுக்குகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே பேரிங் முன்கூட்டியே அளவாக அடைக்கப்பட்ட தனிப் பெட்டி. டிரெய்லரில் பேரிங்கின் இடைவெளியைத் தீர்மானிப்பதே இந்த நட்டுதான்.

ஹப்பை ஸ்பிண்டிலில் நேராக ஏற்றுங்கள். சீலின் விளிம்பு மடங்காமல் போக வேண்டும். வெளி பேரிங், வாஷர், நட்டு. ஹப்பை ஒரு கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே நட்டைச் சுமார் 50 அடி-ராத்தல் வரை இறுக்குங்கள். உருளைகள் தங்கள் இடத்தில் உட்காரவும், நடுவிலிருக்கும் உபரி கிரீஸ் பிதுங்கவும்தான் இந்த இறுக்கம். அடுத்து நட்டை முழுவதும் தளர்த்துங்கள், இந்தமுறை ஹப்பைச் சுழற்றாமல். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெறும் விரல்களால் நட்டு தொடும்வரை திருகுங்கள். ஸ்பிளிட் பின் துளை ஒத்துவராவிட்டால் அடுத்த வெட்டுக்கு நட்டைத் தளர்த்த வேண்டும், இறுக்கக் கூடாது. புதுப் பின்னை நுழைத்து மடக்குங்கள். கடைசியில் நட்டு பின்னுக்குள் கொஞ்சம் அசையும். பலருக்கு இதைப் பார்த்தால் தூக்கம் வராது. அப்படித்தான் இருக்க வேண்டும். நட்டைத் தடுத்து நிறுத்துவது பின் மட்டுமே. ஹப்பின் முன்பின் ஆட்டம் 0.025 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. ஓடிச் சூடேறும்போது உலோகம் விரிந்து அந்த இடைவெளியை எடுத்துக்கொள்ளும். இடைவெளியே விடாதபோது விரியும் உலோகம் உருளைகளை நசுக்கும், பேரிங் நீலமாகும்.

நிப்பிள் வைத்த அச்சுகள்

ஸ்பிண்டிலுக்குள் துளையிட்டு, முனையில் கிரீஸ் நிப்பிள் வைத்த அச்சுகள் உண்டு. ரப்பர் மூடியைத் திறந்து பம்ப் செய்தால் கிரீஸ் உள் பேரிங் வழியாகப் புகுந்து வெளி பேரிங் வழியாகத் திரும்பி வரும். படகு டிரெய்லர்களுக்கென்று வந்த ஸ்பிரிங் தொப்பிகளும், திறக்காமலே கிரீஸ் போட்டுவிடும் இதே ஆசைக்குத் தீனி போடுபவை. தினமும் தண்ணீருக்குள் இறங்கும் படகு டிரெய்லருக்கு இவை பொருத்தமானவை. கேம்பருக்கு எனக்கு உடன்பாடில்லை. வேகமாக அமுக்கினாலோ சீல் பழையதாக இருந்தாலோ கிரீஸ் சீலைத் தாண்டிப் பிரேக்கில் கொட்டும். டிரம்மைத் திறக்கும்வரை உங்களுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட அச்சு இருந்தால் சக்கரத்தைத் தூக்கி, சுழற்றிக்கொண்டே, கையால் அமுக்கும் கன்னில் மெதுவாகப் போடுங்கள். காற்றழுத்தக் கன் வேண்டாம். எப்படிப் போட்டாலும் ஆண்டுக்கொருமுறை திறந்து பார்ப்பதற்கு அது மாற்றாகாது, நிப்பிளுக்குக் கண் கிடையாது.

சாலையில்

வீல் நட்டுகளை அச்சுக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் எதிரெதிராக, படிப்படியாக இறுக்குங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு முதல் 80 கிலோமீட்டருக்குள் இரண்டு மூன்று முறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். வேலை முடிந்த முதல் பயணத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, புறங்கையை ஹப்பின் அருகே கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கை வைக்க முடியாத சூடு இயல்பல்ல. இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அங்கே பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் உரசுகிறது. மலிவான அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டால் கை சுடாமல் எண்ணாகவே பார்க்கலாம். பெட்ரோல் போட நிறுத்தும்போதெல்லாம் இதைச் செய்ய ஒரு நிமிடம் ஆகாது.

தூரப் பயணத்துக்குக் கிரீஸ் அடைத்த ஒரு ஜோடி பேரிங், ரேஸ், சீல், சில ஸ்பிளிட் பின்கள், ஒரு தொப்பி எல்லாவற்றையும் ஜிப் பையில் அடைத்து வையுங்கள். இடமிருந்தால் பேரிங் பொருத்திய முழு ஹப்பே நல்லது, ரேஸ் தட்டும் வேலை சாலையோரத்தில் மிச்சம். சூ செயின்ட் மேரியிலிருந்து தண்டர் பே வரை சுமார் 700 கிலோமீட்டர். நடுவில் வாவா, மாரத்தான் போன்ற சிறு ஊர்கள்தான். உங்கள் அளவு சீல் அங்கே ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் என்று எண்ணிப் புறப்படாதீர்கள்.

வழியில் ஹப்பிலிருந்து புகையோ கரகரப்போ வந்தால் அடுத்த ஊர்வரை மெதுவாகப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். பேரிங் உடைந்து சிக்கிக்கொண்டால் சில கிலோமீட்டரிலேயே ஸ்பிண்டிலை அரைத்துவிடும், பிறகு புது பேரிங் அதில் உட்காராது. அச்சையே மாற்ற வேண்டும். ஓரமாக நிறுத்தி இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். உங்கள் சாலை உதவிச் சந்தா டிரெய்லரையும் இழுத்துவருமா, காரை மட்டும்தானா என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.